முப்பது புத்தகங்களும் ஒரு ஹேண்ட்பிரேக்கும்

பிரேக் அக்காவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் அவளுடைய வலது கால். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டப் பழகுகிறவர் எதையாவது இடிக்கப் போனால், பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர் அதை மிதித்து வண்டியை நிறுத்துவார். பத்தொன்பது வருஷமாக அதை மிதித்து மிதித்து அவளுடைய வலது செருப்பு எப்போதும் இடது செருப்பை விட ஆறு மாதம் முந்தித் தேயும். வீட்டில் கணவர் கொஞ்சம் வேகமாகப் பேசினால்கூட நாற்காலிக்குக் கீழே அந்தக் கால் தன்னாலே அழுந்தும். அவரும் உடனே நிறுத்திவிடுவார், பழகிப்போன மனிதர்.

இப்படிப்பட்டவள் நாற்பத்தேழு வயதில் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குச் சேர்ந்தாள். துறையின் பெயர் போக்குவரத்து ஆய்வு. சேர்ந்தது ஒரே ஒரு கேள்விக்காக. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்கி, கால் மாறி, கம்பத்தில் இடித்து, அழுதுகொண்டே இறங்கிப் போனவர்கள், தங்கள் வீட்டு வாசலில் தனியாக இருக்கும்போது வண்டியை அலுங்காமல் குலுங்காமல் பின்னுக்கு எடுத்து நிறுத்துவார்கள். தெருமுனையில் ஒளிந்து நின்று அவளே பார்த்திருக்கிறாள். நோட்டில் குறித்து வைத்தது மட்டும் நூற்றுப் பதினாறு பேர். பக்கத்தில் ஆள் இருந்தால் தெரிந்த வித்தை ஏன் மறந்துபோகிறது? இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

திங்கள்கிழமை காலை துறைத்தலைவரிடம் போய்த் தலைப்பைச் சொன்னாள். மேஜைமேல் இருக்கும் பேனாவை நேராக்கி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிற மனிதர் அவர். பேனாவை நேராக்கினார். பிறகு சொன்னார்:

“இதப் பத்தி யாரும் எழுதலம்மா. யாருமே எழுதாத விஷயம் ஆய்வுத் தலைப்பு ஆகாது.”

எழுதியிருப்பார்கள் என்று அவள் அடித்துச் சொன்னாள். எங்கே என்று அவர் கேட்டார். தேடிக் கொண்டுவருகிறேன் என்றாள். சரி, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் இந்த விஷயத்தைத் தொடுகிற முப்பது நூல்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி குறிப்பு எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் என் பட்டியலிலிருந்து ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். அதில் முதலாவது, சிக்னலில் வண்டிகள் காத்திருக்கும் நேரத்தின் சராசரி. சிக்னலில் காத்திருப்பதைப் பற்றி இரண்டு வருஷம் எழுதுவதற்கு அந்த சிக்னலிலேயே நின்றுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கேள்வி பறிபோய்விடுமோ என்ற பயத்தில் நேராக நூலகத்துக்கு நடந்தாள்.

நூலகத்துக்குள் அவள் அதுவரை ஒரே ஒரு தடவை போயிருந்தாள், அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க. இப்போது மூன்றாவது மாடிக்கு ஏறினாள். நீளமான கூடம், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், தரையில் கம்பளம். புத்தக வண்டி ஒன்று ஒரு சக்கரம் கிறீச்சிட உள்ளே போய்க்கொண்டிருந்தது. தகவல் மேஜையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. பிரேக் அக்காவின் முகமும் அதே நேரத்தில் வெளுத்தது.

அந்தப் பெண்ணுக்கு டிரைவிங் ஸ்கூலில் ரிவர்ஸ் என்று பெயர். முன்னால் போகச் சொன்னால் வண்டி துள்ளித் துள்ளி நின்றுவிடும். பின்னால் போகச் சொன்னால் மட்டும் நூல் பிடித்த மாதிரி போவாள். பிரேக் அக்காவிடம் ஓட்டப் பழகி மூன்று தடவை டெஸ்ட்டில் தோற்று, நான்காவது தடவைக்கு வராமலேயே நின்றுபோனவள். ஏழு வருஷம் இருக்கும். இப்போது அவள் கழுத்தில் நூலக அட்டை தொங்க, நாற்காலியில் ராணி மாதிரி இருந்தாள். அக்கா தன்னை ஒரு கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, தனக்குப் புத்தகம் தேடத் தெரியாது என்ற உண்மையைச் சொன்னாள்.

ரிவர்ஸ் நல்ல பெண். பழசை மனதில் வைக்காமல் எழுந்து வந்து, அக்காவை ஒரு கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தாள். ஆன்லைன் கேட்டலாக் திறந்தது. மேலே ஒரு வெள்ளைக் கட்டம். அதில் தேட வேண்டியதைத் தட்டச் சொன்னாள். அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்: “பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் ஓட்டுகிறவர் ஏன் தடுமாறுகிறார், தயவுசெய்து சொல்லவும்.”

முடிவுகள் எதுவும் இல்லை என்றது கேட்டலாக். தயவுசெய்து என்றெல்லாம் போட வேண்டாம் என்றாள் ரிவர்ஸ். அக்கா எல்லாவற்றையும் அழித்துவிட்டு “கார்” என்று மட்டும் தட்டினாள். நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் வந்து விழுந்தது. பயந்துபோய் எதையோ அழுத்தினாள், எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு பெரிதானது. அதைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை அழுத்தினாள், கேட்டலாக்கை விட்டே வெளியே வந்துவிட்டது. மௌஸ் பிடித்த கை நடுங்கியது. ரிவர்ஸ் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அக்காவின் விரல் தப்பான இடத்துக்குப் போகும்போதெல்லாம் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. அந்த மூச்சு கேட்டதும் விரல் இன்னும் தப்பான இடத்துக்குப் போனது.

ஐந்தாவது மூச்சில் அக்கா மௌஸை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“நானும் இப்படித்தான் மூச்ச இழுப்பேனா?”

“ஆமாக்கா,” என்றாள் ரிவர்ஸ். “பிரேக் கூட பரவால்ல. அந்த மூச்சுதான். அது கேட்டாலே எனக்குக் கால் மாறிடும்.”

 ஏழு வருஷம் கழித்துக் கேட்கிற மன்னிப்பு மாதிரி, அக்கா ரிவர்ஸின் கையைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். நூற்றுப் பதினாறு பேரை வெளியே நின்று எண்ணியவள், நூற்றுப் பதினேழாவதாக உள்ளே உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் ஒரு குதூகலமும் கிளம்பியது, ஏனென்றால் இது உண்மை, இது இருக்கிறது, துறைத்தலைவர் என்ன சொன்னாலும் இதோ தன் கையிலேயே நடுங்கிக்கொண்டிருக்கிறது.

ரிவர்ஸ் எழுந்தாள். தான் மேஜைக்குப் போவதாகவும் இந்தப் பக்கமே பார்க்கப்போவதில்லை என்றும் சொன்னாள். போகும்முன் ஒரே ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுத்தாள். “ஒரே ஒரு நல்ல புக் கிடைச்சாப் போதும்க்கா. அதோட பக்கத்துல கீழ, பொருள் தலைப்புன்னு நீலமா இருக்கும். நீங்க ஒண்ண என்னன்னு கூப்பிடுறீங்கங்கறது லைப்ரரிக்குத் தெரியாது. லைப்ரரி அத என்னன்னு கூப்பிடுதுங்கறது அங்க இருக்கும். அத அழுத்துங்க, கூட்டாளிங்க மொத்தமா வருவாங்க.”

தனியாக விடப்பட்டதும் அக்காவின் கை நடுக்கம் நின்றது. “ஓட்டுநர் பயம்” என்று தட்டினாள். எட்டு வந்தது. மூன்றாவது ஒரு மெலிசான நூல், ஓட்டுநர் தேர்வில் பதற்றம் பற்றியது. திறந்தாள். கீழே நீலத்தில் மூன்று தலைப்புகள் இருந்தன. அதில் ஒன்று: “பிறர் முன்னிலையில் செயல்திறன்.”

அழுத்தினாள்.

வந்து குவிந்தது. பிறர் பார்க்கும்போது பியானோ வாசிப்பவர்கள். பிறர் பார்க்கும்போது அறுவை செய்யும் டாக்டர்கள். வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கும்போது திக்குகிற குழந்தைகள். அம்பு விடுகிறவர்கள், தட்டச்சு செய்கிறவர்கள், மேடையில் வரி மறக்கிற நடிகர்கள். அடியில் ஒரு நூல், கரப்பான் பூச்சிகளைப் பற்றியது. மற்றக் கரப்பான்கள் சுற்றி நின்று பார்க்கும்போது ஒரு கரப்பான் எப்படி ஓடுகிறது என்று யாரோ ஒரு மகராசன் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறான். கரப்பான் பூச்சிக்குக்கூட பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் ஒரு மாதிரி ஆகிறது! அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கையால் வாயைப் பொத்தினாள், சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. கூடத்தில் பத்துத் தலைகள் திரும்பின. ரிவர்ஸ் மட்டும் சொன்ன வாக்கைக் காப்பாற்றிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு நீல எழுத்திலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று. இரண்டு சொல்லை ஒன்றாகத் தேட மேற்கோள் குறி போடலாம் என்று கண்டுபிடித்தாள். வேண்டாததைக் கழிக்கலாம் என்று கண்டுபிடித்தாள். பந்தயக் காரைக் கழித்தாள், பொம்மைக் காரைக் கழித்தாள், கழிக்கிற சந்தோஷத்தில் தேவையானதையும் சேர்த்துக் கழித்து மறுபடி கூட்டினாள். மதியச் சாப்பாடு இரண்டு நாளும் பையிலேயே ஆறிப்போனது. ஊருக்கெல்லாம் வேகத்தைக் குறைக்கச் சொல்லித் தருகிறவள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நூலகம் மூடும் மணி அடித்தபோது, குறட்டையின் வரலாறு பற்றிய நூலில் இருந்தாள். அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டிலும் அதே பைத்தியம்தான். கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். தன்னுடைய நட்சத்திர ஸ்குரூடிரைவரைக் காணோம் என்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று தேடாதீர்கள், வீடு அதை என்ன பெயரில் வைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்று அக்கா பாடம் எடுத்தாள். வீடு என்ன பெயர் வைத்திருக்கிறது என்று அவர் பொறுமையாகக் கேட்டார். “சமையலறைப் பொருட்கள், கூர்மையானவை,” என்று சொல்லி, கரண்டிகள் இருக்கிற இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் ஸ்குரூடிரைவரையும் மனைவியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இத்தனை சந்தோஷமாக இருந்து தான் பார்த்ததில்லை என்று மறுநாள் கடையில் சொன்னாராம்.

கிடைத்த நூல்களையெல்லாம் எங்கே சேர்த்து வைப்பது என்பது அடுத்த கேள்வி. கேட்டலாக்கிலேயே பட்டியல் என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் பெயர் கேட்டது. “ஓட்டத் தெரிந்தவர், தெரியாதவர்” என்று கொடுத்தாள். கீழே ஒரு சின்னக் கட்டத்தில் “எல்லாருக்கும் காட்டு” என்று டிக் போட்டபடியே வந்திருந்தது. நகரும் முன் மூன்று கண்ணாடியையும் பார், பார் என்று பத்தொன்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள், அந்தக் கட்டத்தைப் பார்க்காமலே தாண்டிப் போனாள்.

பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத இடம் இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் பழகுகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு அட்டை உண்டு. பாடம் முடிந்ததும் அதில் ஒரு வரி எழுதியே ஆகவேண்டும். யார் படிப்பார்கள் என்று யோசித்து எழுதுகிற வரி அல்ல அது. அடுத்த பாடத்துக்கு ஞாபகம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அக்காவுக்குக் குறிப்பு எழுதுவதென்றால் அந்த வகைதான் தெரியும். புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துவந்து, புரட்டிப் படித்து, அதே கையோடு எழுதினாள்.

“வண்டியை ஸ்டார்ட் பண்ணவே நாற்பது பக்கம். கிளம்புவதற்குள் பெட்ரோல் தீர்ந்துவிட்டது.”

“கண்ணாடியையே பார்த்து ஓட்டுகிறார். தனக்கு முன்னால் எழுதியவர்கள் பெயர்தான் பக்கம் முழுக்க. எதிரில் என்ன வருகிறது என்று பார்க்கவில்லை.”

“அருமையாக ஓட்டுகிறார். எங்கே போகிறார் என்பதுதான் தெரியவில்லை.”

“கரப்பான் நூல். பாஸ். டெஸ்ட் இல்லாமலே லைசென்ஸ் கொடுக்கலாம்.”

புதன்கிழமை மதியம் இருபத்தொன்பது ஆகியிருந்தது. முப்பதாவதாக, சாலையில் மனித நடத்தை பற்றி ஒரு தடித்த நூல் அகப்பட்டது. எழுதியவர் யார் என்று பார்த்தால், நம் துறைத்தலைவரேதான். பதினோரு வருஷத்துக்கு முன் வந்தது. கடைசியாக எப்போது இரவல் போனது என்ற இடத்தில் கேட்டலாக் ஒரு சிறு கோடு மட்டும் போட்டிருந்தது. அவரை மடக்கக் கிடைத்த வாய்ப்பு என்று அக்கா ஆவலாக எடுத்து வந்து படித்தாள். நாற்பது பக்கம் வரைக்கும் தம் கட்டினாள். பிறகு எழுதினாள்: “ஹார்ன் சத்தம் பலம். ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலேயே ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். புகைதான் வருகிறது. ஃபெயில்.” எழுதியதை ஒரு தடவை படித்துச் சிரித்துவிட்டு, அந்த நூலை இரவல் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை நூலக வாசலில் ஒரு கூட்டம். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு, அதில் புது வரவுகள் ஓடும். இன்றைக்கு அதில் “இந்த வாரம் அதிகம் பார்க்கப்பட்ட பட்டியல்” என்று எழுதியிருந்தது. கூட்டம் சத்தமாகப் படித்துப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அக்காவும் என்னவென்று எட்டிப் பார்த்து, முதல் வரிக்கு அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். இரண்டாவது வரியைப் படித்தபோதுதான் அது தன் எழுத்து என்று தெரிந்தது. திரையின் அடியில், உருவாக்கியவர் என்று அவளுடைய முழுப் பெயர், அப்பா பெயரோடு, துறையின் பெயரோடு, பளிச்சென்று இருந்தது. மூவாயிரத்து இருநூறு பேர் பார்த்திருந்தார்கள்.

மூன்று மாடியையும் லிஃப்ட்டுக்குக் காத்திராமல் ஏறினாள். ரிவர்ஸுக்கு அவள் மூச்சு வாங்குவதிலிருந்தே விஷயம் புரிந்தது. இரண்டு சொடுக்கில் அந்த டிக்கை எடுத்துவிட்டாள். ஆனால் பட்டியலைத்தான் மறைக்க முடியும், பார்த்தவர்கள் கண்ணை மறைக்க முடியாது என்றாள். இன்னொரு செய்தியும் இருந்தது. துறைத்தலைவருடைய புத்தகத்தைக் கேட்டு ஒன்பது பேர் வரிசையில் இருக்கிறார்கள். ஹேண்ட்பிரேக் எப்படியிருக்கும் என்று பார்க்கத்தான். ஆகவே அக்கா அதை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் திருப்பித் தரவேண்டும். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு நான்கு மணிக்கு யார் கையெழுத்துப் போடவேண்டுமோ, அவரை ஊரறிய ஃபெயில் போட்டிருக்கிறாள். சிக்னலின் சராசரி கண்முன் சிவப்பாக எரிந்தது.

அன்றைக்கு முழுக்க வீட்டில் உட்கார்ந்து, முப்பது நூலுக்கும் புதிதாகக் குறிப்பு எழுதினாள். நாகரிகமான குறிப்பு. “பயனுள்ள நூல்”, “குறிப்பிடத்தக்க பங்களிப்பு”, “மேலும் விரிவாக ஆராய்ந்திருக்கலாம்”. எழுத எழுத அவளுக்கே கொட்டாவி வந்தது. துறைத்தலைவருடைய நூலுக்கு வந்தபோது, புகழ்வதற்காவது உள்ளே ஏதாவது இருக்கவேண்டுமே என்று, விட்ட இடத்திலிருந்து எடுத்துப் படித்தாள். நூறாவது பக்கத்தில் புகை. நூற்றைம்பதில் புகை. கணவர் ஒரு மெஷினின் மோட்டாரைக் கழற்றிப் பூட்டி முடிக்கிற நேரத்தில் அவள் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். அங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அதை மூன்று தடவை படித்தாள். பிறகு பக்கத்தின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளைச் செருகிவிட்டு, குறிப்பில் “ஆழமான பார்வை, தெளிவான நடை” என்று எழுதி முடித்தாள். அந்த வாக்கியத்தைப் பற்றி எழுதத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் துறைத்தலைவர் அறையில் இரண்டு தாள்கள் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று அவள் காலையில் கொடுத்தது. இன்னொன்று யாரோ திரையைப் பார்த்து அச்செடுத்தது. இரண்டுக்கும் நடுவில் பேனா, நேராக.

“ரெண்டுலயும் அதே முப்பது புத்தகம்,” என்றார். “ஒண்ணுல என்னோடது ஆழமான பார்வை. இன்னொண்ணுல புகைதான் வருது. எதும்மா நீங்க எழுதினது?”

மேஜைக்குக் கீழே அக்காவின் வலது கால் பிரேக்கைத் தேடியது. அங்கே வெறும் தரைதான் இருந்தது. திரையில் வந்தது யாரோ விளையாட்டுக்குச் செய்தது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். தலைப்பு பிழைத்துவிடும். ஆனால் அந்தத் தாளில் இருந்த முப்பது வரியும் அவளுடைய பிள்ளைகள் மாதிரி இருந்தன; மற்றத் தாளில் இருந்தவை யார் பெற்ற பிள்ளைகள் என்றே தெரியவில்லை.

“ரெண்டும் நான் எழுதினதுதான் சார். புகைன்னு எழுதும்போது நாப்பது பக்கம்தான் படிச்சிருந்தேன். ஆழம்னு எழுதும்போது முழுசாப் படிச்சிருந்தேன்.” பையில் இருந்த நூலைத் தொட்டுப் பார்த்தாள். “முழுசாப் படிச்சப்புறமும் புகைதான் சார். ஆனா இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல வண்டி நகருது.”

அவர் பேனாவைத் தொட்டார். நேராக்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அக்கா பையிலிருந்து நூலை எடுத்து, தாள் செருகிய இடத்தைத் திறந்து, வகுப்பில் எழுந்து நின்று படிக்கிற பிள்ளை மாதிரித் திக்கித் திக்கிப் படித்தாள்:

“வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவர், சாலையைக் காட்டிலும் தம் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கே அதிகம் அஞ்சுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது ஏன் என்பதை என்றாவது ஒருவர் ஆராயவேண்டும்.”

துறைத்தலைவர் கை நீட்டி நூலை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார், மாட்டிக்கொண்டு படித்தார். நூலைத் திருப்பி, அட்டையில் தன் பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அதே பக்கத்துக்கு வந்தார்.

“என்னோட கைடு இந்த ரெண்டு வரியையும் எடுக்கச் சொன்னார்,” என்றார் கடைசியில். குரல் வேறாக இருந்தது. “யாரும் எழுதாத விஷயம், ஆதாரம் இல்லன்னு சொன்னார். புத்தகம் பூரா அவர் சொன்னபடிதான் எழுதினேன். இத மட்டும் விடல. பிடிவாதமா வச்சேன். அப்புறம் மறந்தே போச்சு.”

 அவளுக்கு அவரை நினைத்து வருத்தமாகவும் இருந்தது, ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து யாரிடமாவது கத்திச் சொல்லவேண்டும் போலவும் இருந்தது. அவர் தாள்களைப் பார்த்தார். நாகரிகமான பட்டியலை எடுத்து, இரண்டாக மடித்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். மற்றதின் மேல்பகுதியில், தலைப்பு எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, கையெழுத்துப் போட்டார். முப்பதாவது குறிப்பில் பக்க எண்ணை மட்டும் சேர்த்துவிடுங்கள், புகை இருக்கட்டும் என்றார்.

 அவள் தலையைப் பலமாக ஆட்டிவிட்டு, ஐந்து மணிக்குள் திருப்பவேண்டிய நூலை வாங்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். பின்னாலிருந்து அவர் தொண்டையைச் செருமினார்.

“இந்தப் புத்தகத்துக்கு ஒம்பது பேர் வரிசையில இருக்காங்கன்னு சொன்னாங்களே. நிஜமாவா?”

அக்கா கைபேசியை எடுத்தாள். கேட்டலாக்கைத் திறந்து, நூலின் பெயரைத் தட்டி, அவர் பக்கத்தில் போய் நின்று திரையைக் காட்டினாள். இப்போது அவள் விரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

“பதினாலு ஆயிடுச்சு சார்.”

அவர் பதினான்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, நல்லது, போய்ட்டு வாங்க என்று விடை கொடுத்தார். அவள் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் போனில் எண் அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு துறைத்தலைவர், வாழ்நாளில் யாரும் அவரிடம் கேட்டிராத ஒரு குரலில், வீட்டில் மனைவியிடம் சொன்னார்: “கேளேன், என் புத்தகத்துக்கு க்யூ நிக்குது. பதினாலு பேர். இல்ல, விளையாடல, இப்பத்தான் என் கண்ணால பாத்தேன்.”